பதினொரு செக்கன்

ஒபிஸில் பக்கத்து மேசைக்காரருக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. யாருக்கும் விளங்காதபடி வேண்டுமென்றே கம்பியூட்டர் புரோகிராம் எழுதுவது. ஓடவிட்டால் ஒழுங்காக வேலை செய்யும். வாசித்தால் தலை சுற்றும். நான் ஒருமுறை எழுத்துகளைக் குடை வடிவில் அடுக்கி, நாட்காட்டி காட்டும் ஒன்றை எழுதினேன். இரண்டு நாளில் அவர் அதைப் பிரித்து விளங்கிக்கொண்டார். அவருடையதைப் பிரிக்க எனக்கு ஒரு மாதம் பிடிக்கும்.

போன வருடம் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, ஒரு ஞாயிறு மத்தியானம், அவருடைய மனைவி கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு என் ஃபிளாட்டைத் தேடி வந்தார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவரின் லப்டொப்பைத் தந்து, பிள்ளைகளின் படங்கள் இருந்தால் எடுத்துத் தரச் சொன்னார்.

தேடும்போது, அலை மாதிரி வளைத்து எழுதிய புரோகிராம் ஒன்று கண்ணில் பட்டது. நான் முன்பு பார்க்காதது. ஓடவிட்டேன்.

கறுப்புத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரே சீராக இல்லை. நாலு எழுத்து விறுவிறுவென்று, பிறகு ஒரு தயக்கம். ஒரு சொல் பிழையாக வந்து, தானே அழிந்து, திரும்பச் சரியாக வந்தது. 'மழை வரப்போகுது, உடுப்பு' என்ற இடத்தில் நின்றது. அசையவேயில்லை. பழுது என்று நினைத்து மூடப்போனேன்.

"பொறுங்கோ," என்றார் அக்கா. "அவர் யோசிக்கிறார்."

கையை எடுத்துக்கொண்டேன். 'எடுத்தாச்சா?' என்று வந்து முடிந்தது. வெளியே நல்ல வெயில். அக்கா எழும்பிப் போய் என் பல்கனியில் உடுப்புக் காயப்போடும் கொடியைப் பார்த்துவிட்டு வந்தார்.

படங்களை ஆறுதலாக எடுக்கச் சொல்லி லப்டொப்பை என்னிடமே விட்டுப்போனார். அந்த அலையைப் பிரிக்க இரண்டு கிழமை எடுத்தது. குப்பை என்று நான் நினைத்த எண்களெல்லாம், அவருடைய விரல் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போக எடுத்த நேரங்கள். தான் தட்டிய ஒரு வரியை அளந்து அப்படியே உள்ளே ஒளித்திருக்கிறார். அநேகமாக எல்லாம் ஒரு செக்கனுக்குள். 'உடுப்பு' என்பதற்குப் பிறகு வந்த ஒன்று மட்டும் பதினொரு செக்கன். யாராவது கூப்பிட்டார்களா, நெஞ்சு நொந்ததா, அது புரோகிராமில் இல்லை.

அக்காவுக்குப் போனில் விளக்கினேன். வெறும் பதிவுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். 

"அழிச்சுப்போடாதேங்கோ," என்றார். "ஆனா நான் இல்லாத நேரம் போடவும் வேண்டாம்."

ஓம் என்றேன். அன்று காலையிலேயே மூன்று தரம் போட்டுப் பார்த்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. மூன்றாம் தரம், அந்த இடம் வந்தபோது, நான் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை லப்டொப்பைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.