ஒரே முகத் துறைமுகம்

கப்பல்களின் பக்கவாட்டில் பெயர் எழுதுவதுதான் அவருடைய தொழில். கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்துகொண்டு, தன்னைவிட உயரமான எழுத்துகளை எழுதுவார். துறைமுகத்தில் எல்லாருக்கும் அவர் பெயிண்டர். கோபம் வந்தால் மனைவிக்கும் அப்படித்தான்.

முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு பலகையில் ஏற முடியவில்லை. வீட்டில் சும்மா இருந்தவரைத் துறைமுகத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். கூட்ட அறையில் ஒரு சுவர் வெறுமையாகக் கிடந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் துறைமுகமும் ஊரும் எப்படி இருந்தன என்று அதில் மாட்டப் பெரிய கித்தான் படம் ஒன்று வரைய வேண்டும். மாதிரிக்கு ஒரு பழைய புகைப்படம் கொடுத்தார். விடுமுறை நாளில் எடுத்திருப்பார்கள் போல. பாய்மரக் கப்பல்கள் நின்றன. பின்னால் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன. ஒரு நாய் படுத்திருந்தது. அவ்வளவுதான்.

"இதுல ஆளே இல்லீங்களே," என்றார் பெயிண்டர்.

"நீங்க போட்டுடுங்க. பரபரப்பா இருக்கணும்."

கப்பல், கயிறு, கூரை எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மனிதர்கள்தான் வரவில்லை. எப்படி வரைந்தாலும் நங்கூரத்துக்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தார்கள். யாராவது எதிரில் அசையாமல் நின்றால் பார்த்து வரையலாம். அதற்கென்றே பிறந்தவன் வீட்டிலேயே இருந்தான்.

மனைவியின் தம்பி. வேலை தேடிக்கொண்டிருப்பதாகப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, மூட்டை தூக்குற மாதிரி நில்லு."

அவன் தலையணையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். "இன்னும் எவ்வளவு நேரம் மாமா? தோள்பட்டை விட்டுப்போகுது."

"அது தலையணைடா."

"இருந்தாலும்."

அப்படியே துடைப்பத்தால் துடுப்புப் போட்டான், துணிக்கொடியைக் கயிறாகச் சுருட்டினான், தொப்பி போட்டு அதிகாரியாக நின்று எதிர்ச் சுவரை அதட்டினான். பெயிண்டர் ஒருவனுக்குத் தாடி வைத்தார், இன்னொருவனுக்கு மீசை வைத்தார். மூக்கை மட்டும் மாற்ற வரவில்லை.

கித்தானில் துறைமுகம் நிறைந்ததும் மனைவி வந்து பார்த்தார். "என் தம்பி இவ்வளவு வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்லங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயிண்ட் நெடியாகவும் இருக்கலாம்.

திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு போனார்கள். தலைவர் திரையை விலக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். மூட்டைக்காரன், படகுக்காரன், மாலுமி, அதிகாரி என்று ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எல்லாரும் ஒரே ஜாடையா இருக்காங்களே?"

பக்கத்தில் நின்ற வயதான கணக்கர் சொன்னார்: "அந்தக் காலத்துல சொந்தக்காரங்களைத்தான் வேலைக்குச் சேர்ப்பாங்க சார்."

போன மாதம்தான் தலைவர் தன் அக்கா மகனை அலுவலகத்தில் சேர்த்திருந்தார். "டீ ஆறுது, வாங்க," என்று நகர்ந்துவிட்டார்.

டீ குடிக்கும் இடத்தில் சரக்கு இறக்கும் மேஸ்திரி மைத்துனனையே உற்றுப் பார்த்தார்.

"உன்னை எங்கயோ பாத்திருக்கேனே. எந்த கேங்?"

"நானா? நான் வந்து…"

"எந்த கேங்ல போட்டாலும் வருவான்," என்றார் அவன் அக்கா.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கை சிவந்திருந்தது. சோறு பிசையக் கை மடங்கவில்லை. அக்காவே ஊட்டினார்.

"மாமா, நீங்க வரைஞ்சது தப்பு. மூட்டை தோள்ல ஏறினா இப்படி நிமிந்து நிக்க முடியாது. கழுத்தே உள்ள போயிடுது."

"நாளைக்குப் போவியா?" என்று பெயிண்டர் கேட்டார்.

"பேர் எழுதிட்டாங்களே மாமா," என்றான் அவன், ஏதோ தண்டனை கிடைத்தவன்போல. ஆனால் காலையில் யாரும் எழுப்பாமலே எழுந்தான்.

அடுத்த வாரம் பெயிண்டர் தூரிகையோடு கூட்ட அறைக்குப் போனார். தூசி தட்ட வந்ததாகக் காவலாளியிடம் சொன்னார். மூட்டை தூக்குகிறவர்களின் முதுகை ஒவ்வொன்றாக வளைத்தார். கழுத்தைத் தாழ்த்தினார். முகங்கள் பாதி மறைந்தன. படம் முன்னைவிட நன்றாக இருந்ததாக அவருக்கே தோன்றியது. யாரும் கவனிக்கவில்லை.