வெள்ளிக்கிழமை வகுப்பு

எங்கள் பேரணாம்பட்டில் தொழிற்பயிற்சிக் கூடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள். வெளியே தூக்கி வைத்திருந்த தையல் மெஷின்களின் எண்ணெய் வாசனை நேற்று என்னை நிறுத்திவிட்டது. என் அம்மாவின் வெள்ளிக்கிழமைப் புடவை வாசனை அது.

அம்மாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ஷூ தைக்கப் படிக்க இங்கே வருவாள். அந்தச் சமயத்தில் ஊரிலிருந்த இரண்டு கூடங்களை ஒன்றாக்கினார்கள். இனி கூடத்துக்கும் வெள்ளிக்கிழமை லீவு என்றார் புதிதாகப் பொறுப்பேற்ற மாஸ்டர் பாய்.

அம்மா நேரே அவரிடம் போனாள்.

"இன்னா பாய், எங்களுக்குக் கெடைக்கிறதே அந்த ஒரு நாளு. அதையும் மூடிட்டா, சாவுற வரிக்கும் தோலு அலசிகினே இருக்கணுமா?"

"நான் தொழுவப் போவணுமேம்மா."

"போய்ட்டு வாங்க. அதுக்குள்ள மெஷினு எழுந்து ஓடிடுமா?"

"பேஜாரும்மா உன்னோட!" என்று சிரித்துவிட்டார் பாய். கூடம் திறந்தே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தொழுதுவிட்டு வந்தபோது அறை முழுக்கத் தோல் ஷாப்புப் பெண்கள். அவருடைய நாற்காலியிலும் ஒருத்தி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

புதுக் கட்டடத்தில் நாற்காலிகளைக் கொஞ்சம் கூடுதலாகவே போடட்டும்.