சேற்றில் ஏழு அரிசி

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மறந்துபோயிற்று என்று சொல்லக்கூடாது. சுங்கை பட்டாணியில் இரண்டு கடைவீடு. சிடாம் கிரியில் எட்டுக் கதவு வைத்த கல்வீடு. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு, மழையில் ஒழுகாத முன்மண்டபம். மூன்று பெண்களுக்குக் கல்யாணம். அதையும் கட்டடத்தில்தான் சேர்க்கவேண்டும், அஸ்திவாரம் கூடுதலாகவே போட்டேன். அப்புறம் கோலா கெடாவுக்குத் தெற்கே, கடலுக்கு எதிரே ஒரு மண்கரை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தேன். வாத்தியார் போகச் சொல்லவில்லை. போதும் என்று நானேதான் நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் கரையைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, தோட்டத்தில் அங்கங்கே கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் பிரித்து, எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்துச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். இடம் தேடியவர்கள் காடு எவ்வளவு தூரம் என்று பார்த்தார்கள். காடு தூரத்தில் இருந்தது, திருப்தி. திரும்பி நின்று பார்த்திருந்தால் முதுகுக்குப் பின்னால் கடல் இருந்தது தெரிந்திருக்கும். பக்காவ் என்கிற அலையாத்தி மரச் சேற்றுக்கு இப்பால் ஒரு பழைய மண்கரை, அதற்கு இப்பால் வேலி, வேலிக்குள் ஐம்பது வீடு, ஒரே ஒரு கிணறு.

அந்தக் கிணறுதான் விஷயம். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறுவது அபூர்வம். கடல் ஒரு தடவை அதற்குள் இறங்கினால் பல மாதத்துக்கு வாயில் வைக்க முடியாது. வேலிக்கு வெளியே தண்ணீர் தேடிப் போக எங்களுக்கு அனுமதி கிடையாது. கிணறு போனால் ஐம்பது குடும்பத்தையும் லாரியில் ஏற்றி, இடம் இருக்கிற தோட்டங்களில் பத்துப் பத்தாக இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் ஒரு தோட்டம், தம்பி ஒரு தோட்டம். சாவுக்குக்கூட பாஸ் வாங்கித்தான் வரவேண்டும்.

அப்போது நான் கான், அதாவது வடிகால், வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. தரையை மிதித்தே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவேன். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் போய், இந்த இடத்துக்குக் கடல் வரும் என்று சொன்னேன்.

“கம்யூனிஸ்டுக்கு வேலி போட்டாச்சு. கடலுக்குத் தனியா ஒரு வேலி கேக்கிறியா?” என்றார்.

“ஆமாங்கய்யா. அதைத்தான் கேக்கிறேன்.”

“கடல் வந்தா கேட்ல அடையாளக் கார்டு கேப்பாங்க. கார்டு இல்லேன்னா திருப்பி அனுப்பிருவாங்க. போய் வேலையைப் பாருலா.”

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கிராணி சிரிக்கும்போது சிரிக்காதவனுக்கு மறுநாள் தூரத்து வேலைதான் கிடைக்கும்.

அந்த மாதம் பௌர்ணமியன்று கடல் கரையின் விளிம்புவரை வந்துவிட்டுப் போயிற்று. “வந்துட்டுப் போயிருச்சு” என்று லயத்தில் எல்லோரும் நிம்மதியானார்கள். நான் கோலா கெடா படகுக்காரர்களோடு பழகியவன். பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள், உச்சி வேளையில்தான் பெரிய ஏற்றம் என்று எனக்குத் தெரியும். போய்க் கரையைப் பார்த்தேன். கேட்டிலிருந்து நூறடி தள்ளி ஓரிடத்தில், நண்டு துளைத்துத் துளைத்து, கறையான் அரித்த பலகைபோல ஆகியிருந்தது.

கிராணியைத் தாண்டி நேரே துரையிடம் போனேன். மூட்டை அடுக்கிக்கொள்ள அனுமதி கொடுத்தார். இரண்டு நிபந்தனை. வேலிக்கு வெளியே சுற்றி இருநூறு அடிக்குள் லயத்து ஆள் யாரும் மண் தோண்டக் கூடாது. தோண்டினால் குழியில் சோற்றைப் புதைத்துவைப்போமாம். வெளியே போகிற ஒவ்வொரு மூட்டையையும் கேட்டில் சோதிப்பார்கள். சரி என்றேன். வேலிக்கு உள்ளேயே மண்ணை நிரப்பித் தூக்கிப் போனால் முடிந்தது. பொதுச் சமையல் கொட்டகையில் அரிசி வந்த கோணிச்சாக்கு நாற்பது கிடந்தது. கெட்டிச் சாக்கு. நானே பொறுக்கி எடுத்தேன்.

இரண்டாம் நாள் காலை கேட்டில் நின்ற மலாய்க் காவலர் பெண்டாங்கில் நெல்வயல் குடும்பத்துப் பிள்ளை. கையில் கூரான இரும்புக் கம்பி. முதல் சாக்கில் குத்தினார், இழுத்தார், பார்த்தார். சேறு. அடுத்த சாக்கு. சேறு. சாக்குக்கு இரண்டு குத்து என்று உத்தரவு. ஓட்டை வழியாக ஈரமண் வழிந்தது. பெண்கள் தலையில் வைத்து நூறடி நடப்பதற்குள் பாதி மூட்டை முகத்தில் இறங்கிவிட்டது.

என் ஆட்களில் மூத்தவரான அக்கா நின்று கேட்டார்: “ஏன் தம்பி, கரை கட்டறோமா, மூஞ்சிக்குப் பூசறோமா?”

“பேசாம நடக்கா.”

“பேசினா வாயில மண்ணு போவுது. எனக்கு மட்டும் ஆசையா?”

பன்னிரண்டாவது சாக்கிலிருந்து கம்பி வெளியே வந்தபோது, சேற்றோடு மூன்று அரிசி ஒட்டியிருந்தது.

“பெராஸ்” என்றார் காவலர். அரிசி. விசிலை எடுத்து ஊதினார்.

அரிசி கடத்தினால் ஜெயில். சாக்கின் தையலில் ஒட்டிக்கிடந்ததை உதறாமல் மண்ணை அள்ளிப் போட்டது என் ஆட்கள் செய்த தவறு. உதறச் சொல்லாதது என் தவறு. இதை இதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. இங்கே எழுதிவிட்டேன், இத்தோடு போகட்டும்.

சார்ஜன்ட் ஜீப்பில் வருவதற்குள் மணி பத்தரை. வரிசையாக வெயிலில் நிற்கவைத்திருந்தார்கள். கரைக்குப் போனதையும் திரும்பக் கொண்டுவந்து, நாற்பது சாக்கையும் கொட்டச் சொன்னார். கேட் வாசலில் சேறு குவிந்தது. குச்சியால் கிளறினார்கள். மொத்தம் ஏழு அரிசி கிடைத்தது. ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தார்கள்.

எனக்கு மலாய் நன்றாக வரும். “துவான், ஏழு அரிசியில எத்தனை கம்யூனிஸ்டுக்குச் சோறு போடலாம்?” என்று கேட்டேன்.

“நீதான் சொல்லணும். நீ எத்தனை பேருக்குப் போடுறே?”

“நான் கடலுக்குப் போடுறேன். மேல ஏறிப் பாருங்க.”

காவல் கோபுரத்தில் ஏறினார். ஏறியதைவிடச் சீக்கிரம் இறங்கினார். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. நண்டு வளைகள் வழியாக இந்தப் பக்கம் கசியத் தொடங்கியிருந்தது.

ஆனாலும் கொட்டிய மண்ணைத் திரும்பக் கட்டினால் திரும்பக் குத்தித்தான் ஆகவேண்டும், உத்தரவு அப்படி என்றார். நான் ஒரு சாக்கை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அவர் கண் முன்னால் உதறினேன்.

“வெறும் சாக்கு. இதைக் குத்த முடியாது. வெளியே போய் மண்ணு நிரப்பிக்கிறோம். நாங்க தோண்டக் கூடாது, சரி. மாத்தா-மாத்தா தோண்டக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?”

சார்ஜன்ட் யோசித்தார். போலீஸ்காரர் தோண்டக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஐந்து காவலர்கள் எங்கள் மண்வெட்டிகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களுடைய துப்பாக்கிகளுக்கு சார்ஜன்ட் காவல் நின்றார். கம்பி பிடித்த பெண்டாங்காரர் முதல் ஆளாக, கரையின் காலடியில் வெட்டாமல் பத்தடி தள்ளிப் போய் வெட்டினார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் செய்துவிட்டார். வயல்காரர் அல்லவா, காலடியில் வெட்டினால் கரை சரியும் என்று தெரியும். வெளியே இருந்தது கெட்டிக் களிமண். ஓட்டைச் சாக்கிலும் அசையாமல் உட்கார்ந்தது. பெண்கள் தூக்கினார்கள். நான் இடுப்பளவு சேற்றில் நின்று அடுக்கினேன். முதல் வரிசை குறுக்கே, இரண்டாவது நெடுக்கே, பின்னால் முட்டாகப் பக்காவ் கம்பு. அவசரத்தில் ஒரு காவலர் சாக்கை நிமிர்த்தி வைத்தார். “படுக்கப் போடு, அது என்ன துரையா, நிக்கவெச்சு மரியாதை பண்ண?” என்றேன். படுக்கப் போட்டார்.

உச்சிக்குக் கடல் வந்தது. மேல் சாக்கை நனைத்தது. இரண்டு விரல் அளவு மிச்சம் வைத்து நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு இறங்கியது.

கிணற்றடியில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அக்கா ஒரு வாளி இழுத்துக் குடித்தார்.

“என்னக்கா?”

“இரு, முழுங்கிக்கிறேன்.” இன்னொரு வாய் குடித்தார். “உப்பு இல்லே. மண்ணுதான் நறநறங்குது. அது என் மூஞ்சி மண்ணு.”

லாரி வரவில்லை. ஐம்பது குடும்பமும் அங்கேயே இருந்தது.

மறு வாரம் மேலதிகாரி ஒருவர் வந்தார். மண்வெட்டியோடு ஐந்து காவலர்களை நிறுத்திப் படம் பிடித்தார்கள். நாங்கள் வேலிக்கு உள்ளே இருந்ததால் படத்தில் விழவில்லை. பிறகு அந்தக் கரையை இரண்டு தடவை உயர்த்தினார்கள், கடல் வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறுகிறது என்பதால். இப்போது கல் கொட்டியே கட்டிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு வரலாற்றுப் பலகையும் நட்டிருக்கிறார்கள். அவசரகாலத்தில் காவல்படையினர் மண் தோண்டி இந்தக் கரையைப் பலப்படுத்தி மக்களைக் காப்பாற்றினார்கள் என்று அதில் இருக்கிறது. அதைப் படிக்க மூன்றாம் வகுப்பு போதும்.

தோண்டினார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. பெண்டாங்காரர் நன்றாகவே தோண்டினார். ஆனால் தோண்டச் சொன்னது யார், அடுக்கியது யார், தூக்கியது யார்? பலகை வைத்த கமிட்டிக்காரர்களிடம் கேட்டேன். இடம் இல்லை என்றார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். கடைசி வரிக்குக் கீழே ஒரு சாண் இடம் சும்மா கிடக்கிறது. தூக்கிய பெண்கள் பதினெட்டுப் பேர். அவர்களை ஒரே வரியில் சேர்த்து எழுதலாம். அடுத்த வரியில் என் பெயரை எழுதுங்கள். பெயின்ட் நான் கொண்டுவருகிறேன்.