அப்பாவுக்கும் மூத்த ரிவோல்வர்

மலசலகூடத்துக்குக் குழி வெட்டப்போய்த்தான் இத்தனை வில்லங்கமும் வந்தது. விடத்தல்தீவில் எங்கள் பின்வளவில் என் கணவர் வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி எதிலோ பட்டுத் தகரச் சத்தம் கேட்டது.

இடம்பெயர்ந்து ஓடியபோது எங்கள் ஊர்ச் சனம், தூக்க முடியாததையெல்லாம் மண்ணுக்குள் புதைத்துவிட்டுத்தான் ஓடியது. திரும்பி வந்தால் அடையாளம் வைத்த மரமும் இல்லை, வேலியும் இல்லை. அதனால் எவர் வளவில் எவருடைய பித்தளைக் குடம் அகப்பட்டாலும், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சொல்லிவிடுவோம். உரியவர் வந்து எடுத்துப் போவார். குழியிலிருந்து எடுத்த பால்மாத் தகரத்தைப் பார்த்ததும் யாரோ ஒருத்தியின் தாலிக்கொடி என்றே நினைத்தேன். மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே கோதுமை மாப் பைத் துணி. துணிக்குள் ஒரு ரிவோல்வர்.

இதைக் கோயில் வாசலில் சொல்லவா முடியும்?

கணவர் என் கையிலிருந்து பறித்துத் துணியால் மூடினார். "விடியக் கடலுக்குப் போகேக்கை கொண்டுபோய்த் தாட்டுவிடுறன். நீர் ஒருத்தரிட்டையும் வாயைத் திறவாதையும்" என்றார்.

புத்திசாலி மனுசன். நான் அப்படியில்லை. ஒன்றைத் தொடங்கினால் முடிவு தெரியும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. அதிலும் இது அண்ணன் சம்பந்தப்பட்ட விசயம்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அண்ணன் காணாமற்போனான். மத்தியானம் சைக்கிளில் வெளிக்கிட்டவனை உயிலங்குளம் பக்கம் ஏதோ வாகனத்தில் ஏற்றியதாகச் சொன்னார்கள். ஏற்றியது யார் என்று இன்றைக்கும் தெரியாது. அன்றிலிருந்து அம்மா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எந்த விசாரணைக்குப் போனாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: காணாமற்போன அன்று உங்கள் மகனிடம் ஆயுதம் இருந்ததா? அம்மா செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்லுவா: "இல்லை ஐயா. என்ரை பிள்ளை வெறுங்கையோடை போனவன்." அதைச் சிங்களத்தில் சொல்வது என் வேலை. அந்த ஒரு வசனத்தைச் சொல்லும்போது மட்டும் நான் தலையை நிமிர்த்திக்கொள்வேன். அடுத்த கிழமையும் ஒரு விசாரணை இருந்தது.

இப்போது எங்கள் வளவுக்குள் துவக்கு. இது அண்ணனுடையது என்றால் அம்மாவின் சத்தியம் என்ன ஆவது? நான் தலைநிமிர்ந்து மொழிபெயர்த்தது என்ன ஆவது? அதற்கும் முந்திய காலத்து ஆள் எவனாவது புதைத்ததாக இருந்தால் எனக்குக் கவலையில்லை. வயது தெரிந்தால் போதும். கணவரிடம் இரண்டொரு நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தா. நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ரிவோல்வரைத் துடைத்தேன். பொருக்குத் தட்டிய மஞ்சள் பிசின் ஒன்று முழுவதும் ஒட்டிக்கிடந்தது. சுரண்டச் சுரண்ட, இரும்பில் சின்னதாக ஒரு கிரீடம் தெரிந்தது. கிரீடத்தின் கீழே இலக்கங்கள். பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம். எல்லாவற்றையும் படமெடுத்துக் கனடாவிலுள்ள என் கணவரின் தம்பிக்கு அனுப்பினேன். அவனோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் பழைய துவக்குகள் சேர்ப்பவர் என்று எப்போதோ சொல்லியிருந்தான்.

அனுப்பிய பிறகுதான் புத்தி வந்தது. துவக்கின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு விடத்தல்தீவில் குந்தியிருக்கிறேனே, எனக்கென்ன விசரா? படங்களை அழித்தேன். அழித்தது போதாதென்று கைப்பேசியை அணைத்தேன். பதில் வருமே என்று உடனே போட்டேன். ரிவோல்வரைக் கருவாட்டுச் சாக்குக்குள் வைத்தேன். மனம் கேட்காமல் அரிசி வாளிக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு அந்த அரிசியைச் சமைக்க மனம் வராமல் மறுபடி கருவாட்டுச் சாக்குக்கே கொண்டுபோனேன். வீதியில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தால் ஓடிப்போய் யன்னலால் எட்டிப் பார்த்தேன். அன்றைய கறியில் உப்பை இரண்டு தரம் போட்டிருக்கிறேன். கணவர் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

"என்ன பிள்ளை, காலிலை சில்லுப் பூட்டியிருக்கிறியோ? ஒரு இடத்திலை இரன்" என்றா அம்மா.

மறுநாள் கனடாவிலிருந்து கணவரின் தம்பி அழைத்தான். "அண்ணி, உது வெள்ளைக்காரன்ரை பட்டாளத்துச் சாமான். கிரீடமும் நம்பரும் பாத்துச் சொல்லுறார். எங்கடை மாமாவுக்கும் மூத்தது."

அவன் மாமா என்றது என் அப்பாவை. அப்பாவுக்கும் மூத்தது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னார்த் தீவில் தென்னந்தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரைக் கண் முன்னே கண்டேன். அவருடைய காவல்காரன் திருடிக்கொண்டு வந்து எங்கள் வளவில் புதைப்பதையும் கண்டேன். நொடியில் முழுக் கதையும் சோடித்துவிட்டேன். பால்மாத் தகரம் துரை காலத்து ஆளுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிக்கக்கூட இல்லை.

அவன் விடவில்லை. "துப்பரவா இருந்திருந்தால் நல்ல விலை அண்ணி. ஆனா குண்டு போடுற உருளை சுத்தாதாம். அந்த மஞ்சள் பொருக்கு உள்ளுக்கெல்லாம் இறுகிப்போச்சாம். இனிக் கழட்டேலாது, பழைய இரும்புதானாம். துவக்குக்கு ஆரும் உப்பிடி எண்ணெய் பூசமாட்டினமாம். என்ன எண்ணெய் எண்டு கேக்கிறார்."

சாக்கிலிருந்து எடுத்து முகர்ந்தேன். மண்ணெண்ணெயும் கருவாடும் மணத்தன. பொருக்கில் கொஞ்சம் கிள்ளிக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினேன். புகை எழும்பியதும் மணம் பிடிபட்டது. சுறா எண்ணெய். மரவள்ளங்களில் கடலுக்குப் போன காலத்தில், வள்ளத்து மரம் உளுக்காமல் இருக்கச் சுறா ஈரலை உருக்கி எடுத்துப் பூசுவார்கள். எங்கள் வீட்டில் அதை உருக்குவது அம்மா. அவவைத் தவிர வேறு எவரையும் அந்தச் சட்டியில் கைவைக்க விடமாட்டா.

கோபத்தில் ரிவோல்வரைத் துணியோடு கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தேன்.

"செபமாலையைப் பிடிச்சுக்கொண்டு பொய் சொன்னீங்களோ? என்னையும் சொல்ல வைச்சீங்களோ?"

அம்மா திடுக்கிடவில்லை. துணியை விலக்கி மெதுவாகத் தடவினா.

"எங்கையிருந்து எடுத்தவன் எண்டு எனக்குத் தெரியாது. கருவாட்டுப் பாய்க்குக் கீழை வைச்சிருந்தவன். அவன் இல்லாத நேரம் எடுத்துப் பின்வளவிலை தாட்டுப்போட்டன். பிறகு வந்து கேட்டான். கடலிலை எறிஞ்சுபோட்டன் எண்டனான். என்னைக் கண்டபடி பேசிப்போட்டு, போட்டு வைச்ச சோத்தையும் தின்னாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன்." அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தா. "அவங்கள் கேக்கிறது போன அண்டைக்கு அவனிட்டை இருந்ததோ எண்டு. இருக்கேல்லை. நான்தானே பறிச்சனான். கையிலை இருந்திருந்தால் தப்பியிருப்பானோ, அந்த இடத்திலையே சுட்டிருப்பாங்களோ, எனக்குத் தெரியாது பிள்ளை. இண்டுவரைக்கும் தெரியாது."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். "ஒளிக்கிற சாமானுக்கு ஏன் அம்மா எண்ணெய் பூசினீங்கள்?" என்று கேட்டேன்.

"பிள்ளையின்ரை சாமான். கறள் பிடிக்க விடலாமோ? கோவம் ஆறி, ஒரு நாளைக்கு வந்து கேட்டால் குடுக்க வேணுமே. மரத்தைக் காக்கிற எண்ணெய் இரும்பையும் காக்கும் எண்டு நினைச்சன்." துணியை மறுபடி சுற்றிக்கொண்டே கேட்டா: "பழுதாகேல்லைத்தானே?"

உருளை சுழலாது, பழைய இரும்பு என்று காலையில் கேட்டது என் காதிலேயே நின்றது.

"இல்லை அம்மா. அப்பிடியே இருக்கு."

"அப்ப இருந்த இடத்திலையே வை" என்றா.

அன்று பின்னேரம் தகரத்துக்குள் ரிவோல்வருக்குப் பதிலாக வலையின் ஈயக் கட்டைகளை நிரப்பி, பாரம் சரியா என்று தூக்கிப் பார்த்து, துணியைச் சுற்றி மூடினேன். அம்மா கதிரையைப் பின்வளவுக்குத் தூக்கிவரச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்க, கணவர் பழைய இடத்திலேயே தாட்டார். ரிவோல்வர் மறுநாள் விடியற்காலை அவரோடு கடலுக்குப் போயிற்று. மலசலகூடக் குழியை வேலியோரமாக வேறு இடத்தில் வெட்டினோம்.

அடுத்த கிழமை மன்னாரில் விசாரணை. வழக்கமான கேள்வி வந்தது. அம்மா செபமாலையை எடுத்தா. "இல்லை ஐயா. வெறுங்கையோடை போனவன்." நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். இந்த முறை தலை நிமிரவில்லை.

திரும்பும்போது பேருந்து பாலம் தாண்டவும் மழை பிடித்துக்கொண்டது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னா. கொஞ்சத் தூரம் போனதும் என் காதுக்குக் கிட்டக் குனிந்தா.

"தகரத்துக்குள்ளை தண்ணி போகாதே?"

"போகாது அம்மா" என்றேன். "மூடியைச் சுத்தி மெழுகு ஊத்தினனான்."