ஒட்டினால் நல்லதாம் இந்த வருத்தம்

ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் என் வேலை, சதைத்துண்டு கிடக்கும் போத்தலை வாங்கி உள்ளே கொடுப்பதும், ரிப்போர்ட்டை வெளியே கொடுப்பதும். நடுவில் பயப்படுவதற்கென்று ஆள் வைக்காததால் அதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ரிப்போர்ட்டுக்காக வாங்குப் பலகையில் குந்தியிருந்த உங்களுக்கு இது புதிசாக இராது.

முகம்

காத்திருப்பவர்கள் ரிப்போர்ட் கவரைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கோ பிறவியிலேயே சிரித்த முகம். வாழைச்சேனையிலிருந்து வந்த ஒரு அக்கா அந்தச் சிரிப்பை நம்பி, "அவருக்கு ஒண்டுமில்லையாம்" என்று வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டாள். டொக்டர் கவரைப் பிரித்துச் சொன்னது வேறு.

அதற்குப் பிறகு உம்மென்று இருந்து பார்த்தேன். அதைக் கண்டு ஒரு ஐயாவுக்குத் தலை சுற்றிவிட்டது. தண்ணீர் குடித்துத் தெளிந்தவர் சொன்னார்: "புள்ள, நீ சிரிச்சாலும் பயமா இரிக்கு, சிரிக்காட்டியும் பயமா இரிக்கு. முகத்த அங்கால திருப்பிட்டுத் தா."

தெரிந்த பெயர்

ஒருநாள் வாங்கிய போத்தலில் என் மாமாவின் பெயர். மாமா என்றால் என் புருசனின் அப்பா. பெரியகல்லாற்றில் தோணி வைத்து மீன் பிடிக்கிறவர். இருமலில் இரத்தம் வந்ததும் நான்தான் இழுத்துக்கொண்டு வந்திருந்தேன். துண்டு வருவது தெரிந்துதான் இருந்தது, இருந்தாலும் பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் உள்ளே கொடுத்தேன்.

நுரையீரல் புற்றுநோய்தான் என்று வந்தது. எங்கள் டொக்டர் மிஸ் ஆராய்ச்சி ஒன்று செய்கிறார். மாமாவிடம் சம்மதம் கேட்டு, அதே துண்டில் இன்னொரு சோதனை வைத்தார். கலங்களை, அதாவது உடம்பின் செல்களை, ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் புரதம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதாம். அது குறைந்தால் கலங்கள் கழன்று உடம்பில் வேறிடம் போய்க் குந்திவிடுமாம்.

"ஒட்டு இருந்தா நல்லது. ஆனா இத வச்சு நான் நாள் குறிச்சுத் தரமாட்டன்" என்றார் மிஸ்.

தனிக் கோப்பை

போனில் மாமியிடம், "கலம் ஒட்டுதா எண்டு பாக்கிறாங்க மாமி" என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்த சொல்லை அப்படியே சொன்னது பிழையாகப் போயிற்று. கலம் என்றால் மாமிக்குச் சாப்பிடுகிற ஏனம்; ஏனத்தால் நோய் ஒட்டும் என்று எடுத்துக்கொண்டா.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால், முற்றத்துக் கதிரையில் மாமா. பக்கத்தில் தனித் தட்டு, தனிக் கோப்பை. என் சின்னமகள் அவர் மடிக்குப் போகவேண்டுமென்று உள்ளே கத்துகிறாள், மாமி கதவை விடவில்லை.

"ஒட்டுற வருத்தமில்ல மாமா, புள்ளயத் தூக்குங்க" என்றேன். அவர் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"நான் போறதுக்குப் பயமில்ல புள்ள. இந்தக் குஞ்சில ஒட்டிப்போடுமோ எண்டுதான்."

ரிப்போர்ட்

அந்த ஒட்டுச் சோதனை ரிப்போர்ட்டை என் கையால் நானே வாங்கவேண்டி வந்தது. பிரிக்கவில்லை. மிஸ்தான் வாசித்தார்: ஒட்டு நன்றாகவே இருக்கிறது, மருந்தைத் தொடங்குவோம்.

சந்தோசத்தில் வாசல் படலையிலேயே நின்று, "மாமி, ஒட்டுது!" என்று கத்தினேன். மாமி "ஐயோ" என்று குழறிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினா. இழுத்துப் பிடித்து இருத்தி, ஒட்டினால் ஏன் நல்லது என்று விளங்கப்படுத்தி முடிக்கையில் எனக்கு மூச்சு வாங்கியது. மாமி பிள்ளையைக் கொண்டுபோய் அவர் மடியில் விட்டா.

மாமா அவளை இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "எவ்வளவு காலத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் எண்டு கேட்டியா புள்ள?"

"பயப்படாம டொக்டரிட்டக் கேளுங்க" என்று ஊரையெல்லாம் உள்ளே அனுப்பிவைக்கும் எனக்கு, அந்த ஒரு கேள்வியைக் கேட்க இன்னும் வாய் வரவில்லை.