ரெண்டு வாய்ப் பிரசாதம்

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்களான எங்களுக்கு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் முதல் வேலை. பல் ஆடுகிறதா, கழுத்து எவ்வளவு வளைகிறது, மூச்சுக்காக இறக்கும் டியூப் சுலபமாகப் போகுமா என்று பார்ப்போம். அன்று காலை முத்தையா அண்ணன் வாயைத் திறந்ததும் எனக்கு நெய் வாசனை வந்தது. கூடவே பச்சைக் கற்பூரம்.

பொங்கோல் வட்டாரத்துக்காரர். டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர், நீண்டகாலச் சர்க்கரை நோயாளி. சிறுநீரகத்தில் கட்டி. அன்றைக்கு அவருடையதுதான் முதல் ஆப்பரேஷன். ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் அவர் படுத்திருக்க, மனைவி சரோஜா பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, காலையில ஏதும் சாப்பிட்டீங்களா?"

"இல்ல மா. தண்ணிகூடக் குடிக்கல."

நெற்றியில் திருநீறு ஈரம் காயாமல் இருந்தது. "கோயில்லேர்ந்து ஏதாச்சும் வந்துச்சா?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"பிரசாதம்தான் டாக்டர்," என்றார் சரோஜா அக்கா. "விடிய சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். ரெண்டு வாய் சக்கரைப் பொங்கல். சாமி பேர்ல வந்தத வேணாம்னு சொல்லலாமா, அதுவும் இன்னிக்கு?"

இருவரும் பொய் சொல்லவில்லை. பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? என் வீட்டிலும் சேர்க்க மாட்டோம்.

மயக்கம் கொடுத்தால் தொண்டையும் தூங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆளே போய்விடலாம். இதை அவர்களிடம் சொல்லிவிட்டு சர்ஜனிடம் போனேன்.

"ரெண்டு ஸ்பூன்தானே லா. டியூப்பைச் சீக்கிரமா போட்டுடுங்களேன்," என்றார் அவர்.

வயிறு காலியாக இல்லாதவர்களுக்கு மயக்கம் கொடுத்த கையோடு டியூப்பை இறக்கிவிடும் முறை ஒன்று இருக்கிறது. உயிர் போகிற அவசரத்துக்கு அந்த ரிஸ்க்கை எடுப்போம். "இது கட்டி. நாளைக்கும் அதே இடத்துலதான் இருக்கும்," என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

மதியம் அண்ணன் வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தேன். சர்க்கரை நோயாளிகளுக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகும். பொங்கல் அப்படியே கிடந்தது. கேஸை மறுநாளுக்குத் தள்ளினேன். எங்கள் சம்பளத்தைப் பற்றி ஜூனியர்கள் ஆவலாகக் கேட்பார்கள். நல்ல சம்பளம்தான். அதில் பாதி தூங்க வைப்பதற்கு. மீதி, இன்றைக்குத் தூங்க வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அத்தனை பேர் முறைப்பையும் வாங்கிக்கொள்வதற்கு.

சரோஜா அக்கா சுவரோரம் உட்கார்ந்து அழுதார். "நானே இவருக்கு எமனா வந்துருப்பேனே."

"விடு சரோ. நீ ஊட்டினே, நான்தானே வாயத் தொறந்தேன்," என்றார் அண்ணன்.

நான் குனிந்து அவர் கேஸ் தாளில் மறுநாள் தேதியை எழுதினேன்.

மறுநாள் காலை அக்கா கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வந்தார். எனக்குத் திக்கென்றது. ஆனால் அண்ணன் பக்கமே போகாமல் நேராக என்னிடம் வந்து ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். கற்கண்டு.

"என்கிட்ட இருந்தா குடுத்துருவேன். அவரும் தின்னுருவாரு. இது உங்ககிட்டயே இருக்கட்டும் டாக்டர். எப்பக் குடுக்கலாமோ அப்ப நீங்களே சொல்லுங்க."

சாமியிடமிருந்து வாங்கிவந்ததை என் கையில் ஒப்படைக்கிறார். எத்தனையோ பேர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். இந்தக் கனம் எதிலும் இருந்ததில்லை. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஆப்பரேஷன் சுலபமாக இல்லை. நடுவில் ரத்தம் கசிந்து பிரஷர் சரிந்தது. மறுபடி ஏறும்வரை நான் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் பிழைத்தார்.

ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். கோயிலுக்கு, மசூதிக்கு, சர்ச்சுக்கு யாராவது போய்வந்தார்களா என்றும் கேளுங்கள். அதட்டிக் கேட்காதீர்கள். பயந்துபோன மனிதர்கள் கையில் கிடைத்த நல்லதை ஊட்டத்தான் செய்வார்கள்.

அவர் சாப்பிடலாம் என்று ஆன அன்று, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். சர்க்கரை நோயாளி என்பதால் ஒன்றே ஒன்று போதும் என்றேன். அக்கா கற்கண்டை அவர் உதடுவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குடுக்கலாமா மா?"

"குடுங்க அக்கா," என்றேன். அண்ணன் விழுங்கும்வரை நின்றுவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.