எலிக்குக் கிடைத்த ஊசி

போன ஞாயிறு காலை. மாத்தளைப் பக்கம் அலுவிகாரையில் என் வீட்டு கேட் ஓரம் ஒரு பெண் நின்றிருந்தார். கையில் பொலித்தீன் பை. அதற்குள் ஒரு பேப்பர் துண்டு. இதே பத்தியில் நான் எழுதியதுதான்!

வாசகர் வீடு தேடி வந்தால் எழுதுகிறவனுக்கு ஒரு குஷி வருமே... வந்தது. உள்ளே அழைத்து உட்காரச் சொன்னேன்.

பெயர் செல்வராணி. இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டம். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"சேர், இந்த மருந்து மாத்தளையில கெடைக்குமா? இல்ல கண்டிக்குப் போகணுங்களா? எங்க வீட்டுக்காரருக்கு வேணும்."

எந்த மருந்து? நான் எழுதியிருந்தது இதுதான். தலையில் அடிபட்டால் சேதம் அந்த அடியோடு நிற்பதில்லை. அதற்குப் பிறகும் மூளைக்குள் நச்சுப் பொருட்கள் பெருகி, தப்பிய செல்களையும் அரிக்கும். அதை அடக்க, கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களை ஊசியில் ஏற்றிப் பார்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில்... எலிகளுக்கு. எலி என்றும் எழுதித்தான் இருந்தேன். நம்பி வருகிறவர் கண்ணில் எலியா படும்?

அவர் கணவர் ஆறுமுகம் கராம்பு பறிக்க ஏறிய மரத்தில் கிளை முறிந்திருக்கிறது. விழுந்ததில் தலையில் அடி.

"எந்திரிச்சு நல்லாத்தான் பேசினாரு சேர். பிளேன்டீ குடிச்சாரு. ஆஸ்பத்திரிக்குப் போனா கங்காணி அரைப் பேருதான் போடுவாருன்னு திரும்ப மரம் ஏறிட்டாரு. அந்திக்குப் பறிச்ச கராம்ப நிறுத்து முடிஞ்ச பொறகுதான் வாந்தி எடுத்து விழுந்தாரு."

அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம்; அதைப் பதிவது வேலையை மேற்பார்க்கும் கங்காணி. தோட்டத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அவருக்குச் சோறு ஊட்டிவிட வேண்டும். பெற்ற மகளைப் பார்த்து, "யாரு இந்தப் புள்ள?" என்று கேட்கிறாராம்.

சொல்லித்தானே ஆக வேண்டும்?

"மனுசருக்கு இன்னும் வரல்லம்மா. வந்தாலும், அடிபட்ட உடனே குடுத்தாத்தான் பலன்."

அவர் அழவில்லை.

"அந்த எலிங்க பொழைச்சிருச்சா சேர்?"

"தேறியிருக்குன்னு சொல்றாங்க."

"நல்லா இருக்கட்டும்."

பேப்பரை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழித்துப் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் ஏற்றிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளைக்கே இந்த மருந்து வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது இரத்தோட்டை மலையேறிப் போய்ச் சேருமா? சேர்ந்தாலும், அரைப் பேருக்குப் பயந்து மரம் ஏறுகிறவருக்கு அதை யார் போடுவது? எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த வாரம் மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழி தெரியவில்லை.

அடிபட்ட எலியின் பக்கத்தில் விஞ்ஞானி ஊசியோடு நின்றார். அடிபட்ட ஆறுமுகத்தின் பக்கத்தில்... கங்காணிதான் நின்றார்.